நன்மை இடப்பக்கம், தீமை வலப்பக்கம்

எடை போடுகிறவர்களில் இரண்டு இனம் உண்டு. காய்கறிக் கடைக்காரர் முதல் இனம். தட்டில் வைப்பார், முள் நின்றதும் பையில் கொட்டுவார், அடுத்த ஆளை நிமிர்ந்து பார்ப்பார். இரண்டாவது இனத்துக்கு முள் நிற்கவே கூடாது. நின்றால் முடிவெடுக்க வேண்டுமே! அதனால் இந்தப் பக்கம் ஒரு கத்தரிக்காய், அந்தப் பக்கம் ஒரு கத்தரிக்காய் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருப்பார்கள். கடை மூடும் நேரம் வந்துவிடும். கத்தரிக்காயும் வதங்கிவிடும்.

நான் சொல்ல வந்தது இந்த இரண்டாவது இனத்தைப் பற்றி. முடிவெடுக்கப் போகிறவர் என்று பெயர் வைத்திருக்கிறேன். கவனியுங்கள், எடுத்தவர் இல்லை. எடுக்கப் போகிறவர். உடம்பு இளைக்க வாரத்துக்கு ஒரு ஊசி என்று ஒன்று வந்தாலும் வந்தது, மழைக்குப் பிந்திய காளான் மாதிரி இந்த இனம் தெருவுக்குப் பத்துப் பேர் முளைத்துவிட்டது.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எனக்குத் தையல் தொழில். மருந்துக் கடைக்கும் சலூனுக்கும் நடுவில், மாடிப்படிக்குக் கீழே, ஒரு மெஷினும் ஒரு திரையும் ஒரு ஆளுயரக் கண்ணாடியும் கொள்ளுகிற இடம். பேச்சு எனக்கு வராது. அது தொழிலுக்கு நல்லதாகப் போயிற்று. வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு இடுப்பை அளக்கிறவளிடம் மனிதர்கள் டாக்டரிடம் சொல்லாததையெல்லாம் சொல்கிறார்கள். பதிலுக்கு நான் "ம்" என்பேன். வாயில் குண்டூசி இருக்கும்போது அது ஒன்றுதான் ஆபத்தில்லாத சொல்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். "நான் அவசரப்படற ஆள் இல்லைங்க" என்று ஆரம்பிப்பார்கள். "ரெண்டு பக்கமும் பார்க்கணும் இல்லையா?" என்று தொடர்வார்கள். "இன்னும் ஒரு மாசம் போகட்டும், புது ஆராய்ச்சி எதுவும் வருதான்னு பார்ப்போம்" என்று முடிப்பார்கள். முடிப்பார்கள் என்றா சொன்னேன்? தவறு. அடுத்த வாரம் மறுபடி ஆரம்பிப்பார்கள்.

இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற ஆள் ஒருவர் என் வாடிக்கையாளர். இந்தத் தெருவில் அவருக்குத் தராசு சார் என்று பெயர். அவர் வீட்டிலேயே அப்படித்தான் சொல்வார்கள் என்று பிறகு தெரிந்தது. ஒரு பெரிய அலுவலகத்தில் கொள்முதல் பிரிவில் வேலை. மூன்று இடத்தில் விலை கேட்டு, மூன்றையும் ஒப்பிட்டு, நாலு பேரிடம் கையெழுத்து வாங்கி, அதற்குப் பிறகுதான் ஒரு துடைப்பம் வாங்க வேண்டும் என்பது அங்கே சட்டம். முப்பது வருஷம் அப்படியே இருந்ததில் சட்டம் ரத்தத்தில் கலந்துவிட்டது. வீட்டில் எடை பார்க்கும் மெஷினே மூன்று வைத்திருந்தார். மூன்றும் மூன்று எடை காட்டும். நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்வார்.

அவருக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. முழங்கால் இரண்டும் படியைப் பார்த்தாலே முனகும். டாக்டரிடம் போய் ஊசியைப் பற்றிக் கேட்டார். வரும் வழியில் ஒரு நோட்டு வாங்கினார். இருநூறு பக்கம், கெட்டி அட்டை. நடுவில் கோடு. நன்மை இடப்பக்கம், தீமை வலப்பக்கம்.

அன்றைக்கே என் கடைக்கும் வந்தார். இரண்டு கால்சட்டைத் துணி.

"ஒண்ணு ஊசி போட்டுக்கிட்டா போட்டுக்கிறதுக்கு. இன்னொண்ணு போட்டுக்கலைன்னா போட்டுக்கிறதுக்கு. புரியுதாம்மா?"

"ம்."

"பின்பக்கம் மட்டும் ஓட்டுத் தையல் போட்டுக் குடு. முடிவு தெரிஞ்சதும் நிரந்தரமா அடிச்சுக்கலாம்."

ஓட்டுத் தையல் என்பது அளவு சரியா என்று போட்டுப் பார்க்கும்வரை துணியைப் பிடித்து வைக்கிற பெரிய பெரிய கைத்தையல். உட்காராமல், குனியாமல், தும்மாமல் இருந்தால் நாலு நாள் தாங்கும். அதைச் சொல்லலாம் என்று குண்டூசியை ஒவ்வொன்றாக எடுத்தேன். நான் எடுத்து முடிப்பதற்குள் அவர் மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தார்.

பதினோரு மாதம் அதில் பெரிய கால்சட்டையிலேயே நடமாடினார். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வந்து ஓட்டுத் தையலைப் புதுப்பித்துக்கொண்டு போவார். மனிதர் வாழ்க்கையே ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது என்றால், நான் மிகைப்படுத்தவில்லை. நூல் என்னுடையது.

நோட்டு வளர்ந்தது. எடை குறையும், சர்க்கரை அடங்கும், முழங்கால் பிழைக்கும் என்று இடப்பக்கம். குமட்டும், வயிறு இறுகும், பித்தப்பையில் கல் வரலாம், கொழுப்போடு சேர்ந்து சதையும் கரையலாம், நிறுத்தினால் போன எடை திரும்பி வரலாம் என்று வலப்பக்கம். எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டார். எழுபத்துநாலுக்கு எழுபத்துநாலு என்று சரிசமமாக வந்தது. ஒரு பக்கம் கூடினால் உடனே மறுபக்கத்துக்கு ஒரு வரி தேடிப் பிடிப்பார். "பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருக்கும்" என்பதைத் தீமையில் எழுதி மூன்று மதிப்பெண் கொடுத்தார்.

"பசி எடுக்காது" என்ற வரிதான் அவரைப் படாதபாடு படுத்தியது. அது நன்மையா, தீமையா? ஐந்து வாரம் அதை இங்கேயும் அங்கேயும் மாற்றினார். சலூன்காரர் பாதி முகம் மழித்த நிலையில் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"சார், உங்களுக்குப் பசி பிடிக்குமா?"

"சாப்பாடு பிடிக்கும்."

"நான் கேட்டது பசியை."

தராசு சார் நுரையோடு எழுந்து போய் நோட்டில் குறித்துக்கொண்டு வந்தார்.

இப்படி யாரையும் விடவில்லை. மருந்துக் கடைக்காரர், காவலாளி, லிஃப்ட் சரி செய்ய வந்தவர், எல்லோரிடமும் கருத்துக் கேட்டார். பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஓர் ஒல்லி மனிதரையும் பிடித்தார். "ஒல்லியா இருக்கிறவங்க தரப்பும் வேணுமில்ல?" என்றார். மறுபடி போய்க் கேட்காத ஆள் ஒருவர்தான். அவர் பெயர்ப்பலகையில் டாக்டர் என்று எழுதியிருந்தது. "எல்லாத்தையும் தயார் பண்ணிக்கிட்டுப் போகணும்மா. பெரியவங்க நேரத்தை வீணாக்கக் கூடாது."

சிரிக்காதீர்கள். சிரிக்க முடியாத ஒன்றும் இதில் இருந்தது. நோட்டு வாங்கிய அதே வாரம் அவர் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மகள் இருப்பது நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. தாத்தாவால் முதல் மாடித் திருப்பத்தைத் தாண்ட முடியாது. அதனால் குழந்தையைத் துணியில் சுற்றிக் கீழே எடுத்து வருவார்கள், வாசற்படியில் உட்கார்ந்து பார்ப்பார், மேலே எடுத்துப் போய்விடுவார்கள். தாத்தா என்றால் வாசலில் வைத்திருக்கும் ஒரு பெரிய சாமான் என்று அந்தக் குழந்தை நினைத்திருந்தால் அதன்மேல் தப்பில்லை. அது குப்புற விழுந்தது, தவழ்ந்தது, பல் முளைத்தது, எல்லாம் நாலாவது மாடியில் நடந்தன. இவருக்குப் படமாக வந்தன.

"அப்பா, அவ நடக்கப் போறா. நீங்க எப்போ?" என்று மகள் போனில் கேட்டதை அவரே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு நோட்டைத் திறந்தார். அதை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் மூடினார்.

முதல் பிறந்தநாளுக்கு ஐந்து வாரம் இருந்தது.

அன்றைக்குத் திரைக்குப் பின்னால் ஓர் அம்மா இருந்தார். தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவர். மூன்று மாதமாக வருகிறார். வருகிற தடவையெல்லாம் உடுப்பைப் பிடித்துத் தைக்கக் கொடுப்பார். அன்று முழுநீளப் பூப்போட்ட உடுப்பைத் தலைவழியாகக் கழற்றும்போது என் குண்டூசி ஒன்று முடியில் மாட்டிக்கொண்டது. தலை துணிக்குள், கை இரண்டும் மேலே. உள்ளே ஒரு நீளச் சட்டை இருந்ததால் மானம் பிழைத்தது. நான் ஸ்டூலில் ஏறி ஊசியைத் தேடிக்கொண்டிருந்தேன். வெளியே தராசு சாரின் குரல்.

"தங்கச்சி, அந்தத் தையல் மறுபடி விட்ட மாதிரி இருக்கு... ஓ, ஆள் இருக்காங்களா? மன்னிக்கணும், நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கிறேன். உடுப்பைச் சின்னதாக்க வந்தீங்களாம்மா? ஊசியா?"

"ஆமா," என்றது துணிக்குள் இருந்த குரல்.

நோட்டு திறக்கும் சத்தம் கேட்டது. "தப்பா நினைக்காதீங்க, பொது நன்மைக்காகக் கேக்கிறேன். எத்தனை மாசமா?"

"நாலு."

"குமட்டல்?"

"முதல் மூணு வாரம் உயிர் போச்சு. ஒரு நாள் தபால் பைக்குப் பக்கத்துலயே வாந்தி. டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடச் சொன்னார். அப்புறம் அடங்கிடுச்சு."

"சதை கரையுமாமே?"

"அதுக்குத்தான் தினம் நடக்கிறேன், எடை தூக்குறேன்."

"நிறுத்தினா திரும்ப ஏறுமாமே?"

"ஏறலாம்னுதான் டாக்டரும் சொன்னார். அப்போ பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்."

"அடேயப்பா! எத்தனை நாள் யோசிச்சீங்க?"

"பரிசோதனை எடுத்தேன். போய் உட்கார்ந்தேன். பத்து நிமிஷம்."

பேனா நின்றது. இந்த வரிக்கு அவர் நோட்டில் இடமே இல்லை போலிருக்கிறது. கடைசியாகக் கேட்டார்.

"வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

எனக்குக் குண்டூசி கிடைத்துவிட்டது. உடுப்பு தலைக்கு மேலே வந்தது. தபால் நிலையத்து அம்மா முடியை ஒதுக்கிக்கொண்டு, திரையை ஒரே இழுப்பாக இழுத்தார்.

"அவர் இன்னும் எழுதிக்கிட்டு இருக்கார்."

தராசு சார் சுவரிலிருந்து திரும்பினார். திரும்பிய வேகத்துக்கு என் ஓட்டுத் தையல் பொறுப்பேற்காது. பதினோரு மாதமாகப் புதுப்பித்துப் புதுப்பித்துப் போட்ட நூல், சர்ரென்று மேலிருந்து கீழே ஒரே மூச்சில் பிரிந்தது. அவர் இரண்டு கையாலும் பின்பக்கத்தைப் பிடித்தார். நோட்டு கீழே விழுந்தது.

"நீயா?"

"நானேதான்."

"ஊசியை எங்க வெச்சிருந்தே?"

"ஃப்ரிட்ஜ்ல. முட்டைத் தட்டுக்குப் பின்னாடி. தினம் பத்துத் தடவை திறந்து பார்க்கிறீங்களே, முட்டையை மட்டும் எண்ணிட்டு மூடிடுவீங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா என்னை எந்தப் பக்கம் எழுதியிருப்பீங்க?"

தெருவையே பேட்டி எடுத்தவர். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்ட மனைவி பாதியாகப் போனது கண்ணில் படவில்லை. நான் வாயில் ஊசி இல்லாமலே "ம்" என்றேன்.

நோட்டு விழுந்த இடத்தில், பக்க அடையாளத்துக்கு வைத்திருந்த மடித்த தாள் ஒன்று வெளியே கிடந்தது. ஓரமெல்லாம் நைந்து போயிருந்தது. அந்த அம்மா எடுத்துப் பிரித்தார். டாக்டரின் சீட்டு. பதினோரு மாதத்துக்கு முந்தைய தேதி. ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன். கீழே ஒரு வரி: "இவற்றை எடுத்துக்கொண்டு வரவும். ஊசி உங்களுக்கு ஏற்றதா என்று பார்த்து முடிவு செய்யலாம்."

"முடிவு செய்யலாம்னுதானே எழுதியிருக்கார்? அதைத்தான் நான்..." என்று ஆரம்பித்தார்.

மேலே பேச விடவில்லை. முத்திரை குத்தும் கை அது, குத்தினால் குத்தியதுதான். அவரைத் திரைக்குள் தள்ளி, கால்சட்டையை வாங்கி என்னிடம் எறிந்தார்.

"தங்கச்சி, மெஷின்ல அடி. ரெட்டைத் தையல்."

இரண்டு நிமிஷ வேலை. பதினோரு மாதமாகக் காத்திருந்த இரண்டு நிமிஷம்.

ஸ்கேனில் என்ன தெரிந்தது தெரியுமா? பித்தப்பையில் கல். அதுவும் ஊசி போடாமலே! டாக்டர் பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார். "இப்போதைக்கு உங்களுக்கு இந்த ஊசி வேண்டாம். முதல்ல கல்லைக் கவனிப்போம். சர்க்கரைக்கு வேற மாத்திரை தர்றேன். முழங்காலுக்குப் பயிற்சி இருக்கு, இன்னிக்கே ஆரம்பிங்க." மனைவிக்குப் பொருந்தியது புருஷனுக்குப் பொருந்தவில்லை. அவர் எழுதி நிரப்பிய நூற்று எண்பது பக்கத்தில் அந்தச் செய்தி இருக்கவும் முடியாது. அது அவர் வயிற்றுக்குள் இருந்தது. மனம் கேளாமல் தராசு சார் நோட்டை நீட்டினாராம். டாக்டர் நாலு பக்கம் புரட்டிவிட்டு, "கையெழுத்து நல்லா இருக்கு" என்றாராம்.

பிறந்தநாள்வரை தினமும் பயிற்சி செய்தார். நாற்காலியில் உட்கார்ந்து, தொங்கும் காலில் மணல் பை கட்டி மேலே தூக்குவது, இறக்குவது. பிறந்தநாளன்று அந்த அம்மா ஒரு மடக்கு ஸ்டூலோடு முன்னால் ஏறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்டூல் போடுவார். இவர் உட்காருவார். மூன்றாவது மாடியில் இவர் கை சட்டைப் பைக்குப் போனது. ஒரு சின்ன நோட்டு. மேலே ஏறுவது இடப்பக்கம், திரும்பிப் போவது வலப்பக்கம்.

"வலப்பக்கம் ஒரு எழுத்து எழுதினீங்கன்னாலும் ஸ்டூலைத் தூக்கிட்டு நான் போயிடுவேன்."

ஏறினார். அரை மணி நேரம். நாலாவது மாடிக் கதவு திறந்திருந்தது. வாசலில் வைக்கும் சாமான் மூச்சிரைத்துக்கொண்டு மேலே வந்து நிற்பதைப் பார்த்து அந்தக் குழந்தை கொஞ்ச நேரம் அசையவில்லையாம். பிறகு கேக்கையும் பலூனையும் விட்டுவிட்டு, ஒரு வாரப் பழக்கமுள்ள காலால் தள்ளாடித் தள்ளாடி அவரை நோக்கி நடந்து வந்ததாம். அது எந்தப் பக்கத்தையும் எடை போடவில்லை. நேராக வந்து அந்தக் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டது. தையல் தாங்கியது.

போன வாரம் அடுத்த கால்சட்டையோடு வந்தார். "இதையும் நிரந்தரமா அடிச்சிடும்மா," என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "உள்ளே மட்டும் ரெண்டு இஞ்ச் துணி விட்டு வை. எதுக்கும்."

நீங்கள் அப்படி இல்லை. தெரியும். இதைப் படித்துவிட்டு, சிரித்துவிட்டு, இது யாருக்குப் பொருந்தும் என்று மூன்று பேர் பெயரை மனசுக்குள் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டீர்கள். மூன்று பேர், இல்லையா? போகட்டும். பாதியில் நிறுத்திய பக்கத்துக்கு அடையாளமாக ஒரு மடித்த தாள் வைத்திருக்கிறீர்களே, அதை மட்டும் ஒரு தடவை பிரித்து, தேதியைப் பாருங்கள்.