பதினோரு மணிக்குள் காயணும்

ஐந்து பேடுகளையும் வாளியிலிருந்து எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தான் புகழேந்தி. ஐந்தும் முட்ட முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுக் கனத்துக் கிடந்தன.

மெஷினில் மாட்டிக் கார் பாலிஷ் போடுகிற ஸ்பாஞ்ச் பேடுகள் அவை. பன் மாதிரி வட்டமாக, உப்பலாக இருக்கும். நேற்று ஆயுத பூஜை. அவனுடைய கார் கழுவும் ஷெட்டில் இருக்கும் பம்பு, பைப்பு, மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த அவன் மனைவி தென்றல், இவற்றை மட்டும் விட்டால் சாமி குத்தம் என்று பேடுகளுக்கும் நட்ட நடுவில் பெரிய பெரிய பொட்டாக வைத்துவிட்டாள். அதனால்தான் இன்று காலையில் உட்கார்ந்து துவைத்தான். விஜயதசமி அன்றைக்கு எவன் காரைக் கொண்டுவரப் போகிறான் என்ற தைரியம்.

ஒன்பது மணிக்கு ராஜமாணிக்கம் கொண்டுவந்தார்.

கல்குவாரி ராஜமாணிக்கம் என்றால் செங்கம் ரோட்டில் சைக்கிள்கூட ஒதுங்கிப் போகும். முடி வெட்ட நேரமாக்கிய சலூன்காரரை நாற்காலியோடு தூக்கி லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர் என்று ஊரில் பேச்சு. சலூன்காரர் திரும்பி வந்துவிட்டார். நாற்காலி என்ன ஆனது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

எப்போதும் டிரைவரோடு வருகிற ஆள் அன்று தனியாக, ஒரு வெள்ளைக் காரைத் தானே ஓட்டி வந்தார். சீட்டு முன்னால் தள்ளிக் கிடந்ததில் முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்கில் இடிக்க, பிதுங்கிக்கொண்டு இறங்கினார். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாதபடி வண்டியை ஷெட்டின் உள்மூலையில் நிறுத்தியிருந்தார். இடது பக்கக் கதவில் முழ நீளத்துக்கு ஒரு கீறல்.

“இது இருந்த எடமே தெரியக்கூடாது. பதினோரு மணிக்குள்ள முடியணும்,” என்றார் கிசுகிசுப்பாக.

“எப்படி ஆச்சுங்க ஐயா?”

“அதை நீ கேக்கவும் கூடாது, வெளிய மூச்சு வுடவும் கூடாது. பதினொண்ணுக்கு மேல ஒரு நிமிஷம் ஜாஸ்தி ஆச்சுன்னாலும் ஒருத்தன் உயிரு போயிடும். புரிஞ்சுதா?”

புரிந்தது. அவர் ஆட்டோ பிடித்துப் போகும்வரை புகழேந்தி தலையை ஆட்டிக்கொண்டே நின்றான். கத்துகிற ஆட்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான், அவர்கள் கத்திவிட்டுப் போய்விடுவார்கள். இப்படி ரகசியக் குரலில் பேசுகிறவரை இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

“தென்றலு, அந்தாளு யாரையோ இடிச்சுட்டு வந்துருக்காரு,” என்றான், ஷெட்டின் பின்னாலேயே இருந்த வீட்டுக்குள் ஓடி.

“கீறல்தானேங்க இருக்குது?”

“அப்பறம் எதுக்கு ஒளிச்சு நிறுத்துறாரு? யாருகிட்டயும் சொல்லாதன்றாரு. பாத்த சாட்சி நான் ஒருத்தன். ஒருத்தன் உயிருன்னா எவன் உயிரு?”

தென்றல் யோசித்துப் பார்த்தாள். வேறு யார் பெயரும் அவளுக்கும் தோன்றவில்லை.

“மொதல்ல பேடைப் புழிங்க,” என்றாள்.

ஈரப் பேடைப் போட்டால் பாலிஷ் பிடிக்காது, வழிந்து ஓடிவிடும். பிழியக்கூடாது, இரண்டு கைக்கும் நடுவில் வைத்து அமுக்கத்தான் வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். அடுத்தவன் பேடாக இருந்தால் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பான். உயிர் பயத்தில் வேட்டியைப் பிழிகிற மாதிரி ஒன்றை முறுக்கினான். மெஷினில் ஒட்டுகிற அடிப்பாகம் தனியாகவும் ஸ்பாஞ்ச் தனியாகவும் கையோடு வந்தன.

மீதி நான்கு.

ஒன்றை மெஷினில் மாட்டிச் சுற்ற விட்டால் ஈரம் முழுக்கச் சிதறிப் போய்விடும். அதுதான் சீக்கிரமான வழி. மெஷினை வாளிக்குள் இறக்கிப் பிடித்துக்கொண்டுதான் சுற்ற வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனால் சுவிட்சைப் போட்ட பிறகுதான் வாளியின் ஞாபகம் வந்தது.

துவைத்தும் போகாமல் பேடுக்குள் பதுங்கியிருந்த குங்குமம் மொத்தமும் அந்த நிமிடத்தில் வெளியே வந்தது. வெள்ளைக் கார் முழுக்கச் சிவப்புத் துளிகள். அவன் சட்டை, முகம், சுவர் எங்கும் அதே. கீறலுக்குப் பக்கத்தில் இரண்டு துளிகள் மெதுவாக வழிந்து இறங்கின. இப்போது எவனாவது உள்ளே எட்டிப் பார்த்தால் நேராகப் போலீசுக்குத்தான் ஓடுவான்.

போன் அடித்தது.

“இன்னா ஆச்சு?” அதே கிசுகிசுப்பு.

“நடந்துன்னு இருக்குதுங்க ஐயா.”

“யாராச்சும் பாத்தாங்களா?”

“இல்லீங்க.”

“பாத்தா போச்சு. எல்லாம் போச்சு.”

காரைக் கழுவித் துடைப்பதில் கால் மணி நேரம் போனது. அதற்குள் பேடுகளாவது காயட்டும் என்று, சுற்றியதையும் சேர்த்து நான்கையும் தென்றல் மதில்மேல் வெயிலில் வைத்தாள். பக்கத்தில் இருக்கிற ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் பன் கொடுத்துக் கொடுத்து இந்த ஏரியாக் குரங்குகளுக்கு நாக்கு வளர்ந்து கிடந்தது. ஒரு தாய்க் குரங்கு வந்து ஆளுக்கொன்றாக எடுத்துத் தனக்கும் குட்டிக்கும் பிரித்துக்கொண்டது. கடித்துப் பார்த்ததும் அதற்குக் கோபம் வந்துவிட்டது. இப்படி ஒரு பன்னை யார் சுட்டது என்கிற மாதிரி புகழேந்தியை முறைத்துவிட்டு, இரண்டையும் பிய்த்துச் சாக்கடையில் போட்டது.

“ரெண்டு மிச்சம்,” என்றாள் தென்றல். “போதுமா?”

“தேய்க்க ஒண்ணு, பளபளப்புக்கு ஒண்ணு. போதும். ஆனா ஈரமா இருக்குதே!”

“தோசைக்கல்லுல வெக்கட்டா?”

“உருகிப் போயிடும்டி!” அழுகை வந்துவிட்டது அவனுக்கு. “பாப்பாவுக்கு ரெண்டு வயசுதான் ஆவுது.”

“இதுக்கு ஏன் அழுவுறீங்க? நாலு கடை தள்ளி எழிலரசி அக்கா பார்லர்ல முடி காய வெக்கிற மெஷினு இருக்குதுல்ல? ஓடுங்க.”

மணி பத்தேகால். இரண்டு பேடுகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினான்.

பார்லர் கதவைத் தள்ளியதும் எழிலரசி, “ஐயோ, ரத்தம்!” என்று அலறினாள்.

“குங்குமம்க்கா, குங்குமம்! அந்த மெஷினைக் கொஞ்சம் குடுக்கா. இது காயலன்னா நான் இல்ல.”

எழிலரசி கையில் டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் தலை நிறைய ஈர முடியோடு, முகம் முழுக்க வெள்ளைப் பூச்சோடு ஒரு அம்மா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

“கஸ்டமர் தலை ஈரமா இருக்கசொல்ல உன் ஸ்பாஞ்சுக்குக் காத்து வெக்கணுமா?”

“குடு எழிலு,” என்றார் அந்த அம்மா கண்ணைத் திறக்காமல். “குரலே நடுங்குது, பாவம். அக்கா பேத்திக்குக் கீழ்பென்னாத்தூர்ல இன்னைக்கு எழுத்து ஆரம்பிக்கிறாங்க. மத்தியானத்துக்குப் போனா போதும், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

புகழேந்தி நின்றபடியே டிரையரைப் பிடித்துக் காற்று காட்டினான். பேடு மெல்ல மெல்ல உப்பியது. அவனுக்கும் கொஞ்சம் உயிர் வந்தது.

“யாருக்குப்பா இவ்ளோ பயப்படுற?” என்றார் அந்த அம்மா.

“பேரு சொல்லக்கூடாதுங்கம்மா. சொன்னா என்னை முடிச்சுடுவாரு.”

“அப்ப சொல்லாத. ஊருல இப்படியும் சிலதுங்க திரியுதுங்க. இவனுங்களையெல்லாம் வூட்ல கண்டிச்சு வெக்க ஆளு இல்ல போலக்குது.”

“ஆமாங்கம்மா,” என்றான் புகழேந்தி மனதார. ஒரு பேடு காய்ந்துவிட்டது. அடுத்ததை எடுத்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது. ஒரு கையில் பேடு, ஒரு கையில் டிரையர். எழிலரசி போனை உருவி ஸ்பீக்கரில் போட்டு அவன் வாய்க்கு நேராக நீட்டினாள்.

“டேய் புகழேந்தி, மணி பத்தரை. இன்னாடா ஆச்சு?”

நாற்காலியில் சாய்ந்திருந்த தலை நிமிர்ந்தது.

“காயுதுங்க ஐயா, இதோ காஞ்சுடுச்சு…”

“பதினொண்ணு ஆச்சுன்னா அவ்ளோதான். உயிரு போயிடும்னு சொன்னேன்ல?”

புகழேந்தி உடைந்துபோனான். டிரையரைக் கீழே வைத்துவிட்டு, எதிரில் அவர் நிற்கிற மாதிரியே போனைப் பார்த்துக் கைகூப்பினான். “ஐயா, எனக்கு ரெண்டு வயசுல பொண்ணு இருக்குதுங்க. நீங்க யாரை இடிச்சிருந்தாலும் நான் சொல்லமாட்டேன். என் உயிரை மட்டும் விட்ருங்க.”

“உன் உயிரா? உன்னை யார்ரா இன்னா…”

அவர் முடிக்கவில்லை. வெள்ளைப் பூச்சு முகத்தோடு எழுந்து வந்த அந்த அம்மா, எழிலரசி கையிலிருந்து போனை வாங்கினார்.

“அந்தப் புள்ளைய ஏங்க மெரட்டுறீங்க? பதினொண்ணுக்குள்ள பஞ்சர் போட்டு எடுத்துன்னு வரேன்னீங்களே என் வண்டி, அதை எங்க கொண்டுபோயி இடிச்சீங்க? மொதல்ல அதைச் சொல்லுங்க.”