ஒரு அடி தூரமும் நாலு எலுமிச்சம்பழமும்

சனிக்கிழமை காலையில எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். மாமாவோட புது காரை ஒரு அடி முன்னால நகர்த்தணும்.

ஒரு அடி. நீங்க சரியாத்தான் படிச்சீங்க.

புது வண்டி எடுத்தா கோயில்ல பூசை போடுவோம் இல்லையா? நாலு சக்கரத்துக்கு முன்னாலயும் நாலு எலுமிச்சம்பழம் வைப்பாங்க. வண்டி அது மேல ஏறணும். பழம் நசுங்கணும். எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டுக் கிளம்பணும். அவ்வளவுதான் வேலை. சின்னப் பிள்ளைகூடச் செஞ்சிடும்.

என்னால முடியல.

கதையைக் கொஞ்சம் பின்னால போய்ச் சொல்றேன், கேளுங்க.

சுந்தரம் மாமா எங்க அம்மாவோட தம்பி. எங்க ஊரு உலு திராம்லேருந்து எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு இருபது வருஷமா மோட்டார் சைக்கிள்ல வேலைக்குப் போயிட்டு வர்றவர். எல்லைப் பாலத்துல மழையில நனையாத நாள் கம்மி. அவரோட மழைக்கோட்டு எப்பவும் வாசல்லதான் தொங்கும். காய்ஞ்சு நான் பார்த்ததில்ல. அப்படிப்பட்ட மனுஷன் ஒரு வழியா கார் வாங்கினார். எந்தக் கார் வாங்கலாம்னு யாரைக் கேட்டார் தெரியுமா?

என்னைக் கேட்டார்!

நான் நாலு பேர் பேசுற இடத்துல நாற்காலி மாதிரி கிடக்கிற ஆளு. கடையில தே ஓ, அதான் பால் இல்லாத டீ, ஆர்டர் பண்ணினாக்கூட ரெண்டு தடவை சொன்னாத்தான் காதுல விழும். ஆனா காருன்னு வந்துட்டா மட்டும் கொஞ்சம் வாய் வரும். காரணம், வீடியோ. ராத்திரி பகல்னு இல்லாம கார் விமர்சன வீடியோவா பார்த்துத் தள்ளியிருக்கேன். சொந்தமா எனக்குக் கார் இல்ல. அது வேற விஷயம்.

எனக்கு ரெண்டு கூட்டாளிங்க. முரளி, தினேஷ். ஞாயித்துக்கிழமை ரொட்டிச்சானாய் கடையில உட்கார்ந்தா எங்களுக்கு ஒரே பேச்சுதான். எந்த விமர்சகர் சொல்றது நிஜம், எவன் விடுறது கப்சா.

முரளிக்குக் குலதெய்வம், கறுப்புக் கண்ணாடிக்காரர். மேகமூட்டமா இருந்தாலும் கண்ணாடியைக் கழட்ட மாட்டார். எந்தக் காரில ஏறினாலும் "வாவ் பாஸ்!"னுதான் ஆரம்பிப்பார்.

"அவனை எப்படிடா நம்புற?"ன்னு தினேஷ் கேப்பான். "கம்பெனி டிக்கெட்டு போட்டுத் தீவுக்குக் கூட்டிட்டுப் போவுது. ஹோட்டல், எறால், கடல்! எறாலைத் தின்னுட்டு எவனாச்சும் காரைத் திட்டுவானா?"

தினேஷோட ஆளு தட்டுறவர். கதவைத் தட்டுவார், டேஷ்போர்டைத் தட்டுவார், சீட்டுக்கு அடியில கையை விட்டுத் தட்டுவார். கடைசியில உதட்டைப் பிதுக்கி, "பிளாஸ்டிக்"னு சொல்லுவார்.

"உன் ஆளு கார் வாங்க வந்தானா, தேங்கா வாங்க வந்தானா?"ன்னு முரளி கேப்பான்.

முரளிக்கும் தினேஷுக்கும் ஒரே ஒரு விஷயத்துல ஒத்துப் போகும், ஒருத்தரைக் கிண்டல் பண்றதுல. மூணாவதா ஒருத்தர் இருக்கார். அங்கிள்னு மட்டும் சொல்லுவோம். சொந்தக் காசுல வாங்கின கார், அண்டை வீட்டுல இரவல் கேட்ட கார், இதைத்தான் ஓட்டிப் பார்ப்பார். வீட்டு வாசல்லயே எடுப்பார். பின்னால கோழி நடக்கும். ஒரு வீடியோ ஐம்பது நிமிஷம் ஓடும். காரோட கூடவே வர்ற புத்தகத்தை மடியில வச்சுக்கிட்டு ஒவ்வொரு பக்கமாப் படிச்சு, செஞ்சு காட்டுவார்.

நாங்க மூணு பேரும் அதைப் போட்டுப் பார்த்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சிருக்கோம். நான் அவர் வீடியோவுக்குக் கீழ ஒரு கருத்துகூட எழுதினேன். அது என்னான்னு அப்புறம் வருது.

மாமா கேட்டதும், நான் கண்ணாடிக்காரர் வீடியோவைக் காட்டினேன். பதினோரு நிமிஷம்தான். "ஹேண்ட்பிரேக் பட்டனைத் தொடவே வேணாம் பாஸ்! கியர் போடு, எண்ணெய்ப் பெடலை மிதி, தானா விட்டுரும்! மேஜிக்!"னு அவர் கத்தினார். மாமாவுக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இருபது வருஷமா கிளச் பிடிச்ச கை இல்லையா?

அத்தைக்குத்தான் பிடிக்கல. அவங்க தம்பி வச்சிருக்கிற மாடல்தான் அவங்களுக்கு வேணும்.

"போன்ல பார்த்துக் கல்யாணம் பண்றதையே நான் நம்ப மாட்டேன். இவன் போன்ல பார்த்துக் கார் எடுக்கச் சொல்றான்"னாங்க. "சாமி முன்னால ஒழுங்கா நகரட்டும். அப்புறம்தான் நான் ஏறுவேன்."

அன்னிக்கு மத்தியானமே கோத்தா திங்கியில அவங்க மகளோட மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போறதா ஏற்பாடு. இதுவரைக்கும் யாரோட காரிலயாவது ஒட்டிக்கிட்டுத்தான் போவாங்க. சம்பந்தி வீட்டு வாசல்ல முதல் தடவையா சொந்தக் காரிலேருந்து இறங்கணும். மாமா அதுக்காகப் பூப்போட்ட புது பாத்தேக் சட்டை எடுத்திருந்தார். வாய்விட்டுச் சொல்லல. ஆனா அந்தச் சட்டையோட மடிப்பைப் பார்த்தா தெரிஞ்சுது.

கோயில் வரைக்கும் நான்தான் ஓட்டிட்டு வந்தேன். "நீதானே எல்லாம் படிச்சு வச்சிருக்கே, நீயே ஓட்டு தம்பி"ன்னுட்டார் மாமா. கண்ணாடிக்காரர் சொன்ன மாதிரியே கியர் போட்டேன், எண்ணெயை மிதிச்சேன், தானா விட்டுச்சு. மேஜிக்!

முரளியும் தினேஷும் வேடிக்கை பார்க்க வந்து நின்னானுங்க.

பூசை அமர்க்களமா நடந்துச்சு. பூசாரி முன்கண்ணாடியில விபூதிப் பட்டை போட்டார். ஸ்டீரிங்குக்குச் சந்தனம் வச்சார். அத்தை ரெண்டு முழம் மல்லிகையை எடுத்து, மீட்டர் இருக்கிற இடத்துல அழகாச் சுத்தி வச்சாங்க. "இங்கதான் எடுப்பா இருக்கு"ன்னாங்க. நான் வாயைத் திறக்கல.

"வண்டியை நகர்த்துங்க தம்பி"ன்னார் பூசாரி, கையில கற்பூரத் தட்டோட.

வேட்டியைச் சுருட்டிக்கிட்டு ஏறி உட்கார்ந்தேன். கியர் போட்டேன். மெல்ல எண்ணெயை மிதிச்சேன்.

நகரல.

கொஞ்சம் அழுத்தி மிதிச்சேன். எஞ்சின் "உர்ர்ர்"னுச்சு. வண்டி பின்னால லேசாக் குந்துச்சு. அவ்வளவுதான். எலுமிச்சம்பழம் எலுமிச்சம்பழமாவே இருந்துச்சு.

உள்ளுக்குள்ள எதுவோ "டிங், டிங், டிங்"னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

"என்னடா சத்தம்?"னு தினேஷ் கேட்டான்.

"கோயில் மணிடா"ன்னான் முரளி.

"மணி வலது பக்கம் இருக்கு. சத்தம் உன் ஆளு சிபாரிசு பண்ணின காருக்குள்ளேருந்து வருது!"

பின்னால வரிசையில இன்னொரு குடும்பம் புது வேனோட நின்னுக்கிட்டு இருந்துச்சு. வேன்காரர் எட்டிப் பார்த்தார். "என்னா தம்பி, பழம் ரொம்பப் பெருசா?"ன்னு கேட்டார்.

முரளி ஓடி வந்து ஜன்னல் வழியாத் தலையை உள்ள விட்டான். "பதட்டப்படாத மச்சான். அந்தப் பட்டனை அமுக்கு."

அமுக்கினேன். ஒண்ணும் ஆகல.

"சரி, அந்தக் கம்பியை இழு. கண்ணாடிக்காரர் அப்படித்தான் ஏதோ இழுத்தாரு."

இழுத்தேன்.

அலமாக்!

முன்கண்ணாடி மேல தண்ணி பீச்சி அடிச்சுச்சு. வைப்பர் ரெண்டும் பட்டையைச் சுத்தமாத் துடைச்சிட்டுப் படுத்துச்சு. பாதித் தண்ணி கண்ணாடியைத் தாண்டிப் பறந்துச்சு. முன்னால யாரு நிக்கிறா? பூசாரி. கையில என்னா? கற்பூரம்.

"புஸ்."

கற்பூரம் அணைஞ்சிருச்சு.

கோயில்ல அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்ல. "டிங், டிங்" மட்டும்தான்.

"பார்த்தீங்களா?"ன்னாங்க அத்தை. சத்தம் போடல. அதுதான் பயமா இருந்துச்சு. "சாமியே வேணாங்குது."

பூசாரி முகத்தைத் துண்டால துடைச்சிக்கிட்டார். நல்ல மனுஷன். "தண்ணிதானேம்மா, அபிஷேகம்னு நினைச்சுக்குங்க"ன்னார். அப்புறம் மோந்து பார்த்துட்டு, "சோப்பு வாசனை வருது"ன்னார்.

தினேஷ் காரைச் சுத்தி வந்து கதவைத் தட்டினான். "நான் அன்னிக்கே சொன்னேன். பிளாஸ்டிக்."

"பிளாஸ்டிக்குக்கும் நகராததுக்கும் என்னாடா சம்பந்தம்?"

"மொத்தத்துல சரியில்லன்னு அர்த்தம்!"

வேன்காரர் சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு வந்துட்டார். "தள்ளிரலாம் லா. ஒரு அடிதானே." அவர், முரளி, தினேஷ், வேனிலேருந்து இறங்கின ரெண்டு பேர், எல்லாரும் சேர்ந்து, "ஏலேலோ"ன்னு தள்ளினாங்க. ஒருத்தரோட செருப்பு வழுக்கிப் பின்னால போச்சு. கார் போகல.

அப்பத்தான் மாமா ஜன்னல்கிட்ட வந்தார். புதுச் சட்டை நெஞ்சுல ரெண்டு சொட்டு சோப்புத் தண்ணி.

"தம்பி"ன்னார் மெதுவா. "வண்டி கெட்டுப்போச்சாப்பா?"

"இல்ல மாமா... வந்து..."

"பரவால்ல, விடு. அத்தையை அவ தம்பி காரில அனுப்பிடுறேன். நான் பின்னால மோட்டார்ல வந்துடுறேன். பழக்கம்தானே."

திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் "பழக்கம்தானே" மட்டும் தாங்கவே முடியல.

"போனை எடுங்கடா!"ன்னேன். என் வாழ்க்கையில நான் போட்ட முதல் சத்தம் அது. பூசாரியே திரும்பிப் பார்த்தார்.

முரளி கண்ணாடிக்காரரைத் தேடினான். பதினோரு நிமிஷத்துல ஏழு நிமிஷம் கடற்கரை. தினேஷ் தட்டுறவரைப் போட்டான். தட்டினார், உதட்டைப் பிதுக்கினார், முடிஞ்சுபோச்சு. ஹேண்ட்பிரேக்கைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது.

"வேற யாரும் இல்லையா?"ன்னார் மாமா.

நாங்க மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

"அங்கிள் இருக்கார்"னான் தினேஷ், குத்தம் பண்ணின மாதிரி.

போட்டோம். முதல்ல விளம்பரம். ஷாம்பு. வேன்காரர் உட்பட எட்டுப் பேர் ஒரு சின்னப் போனைச் சுத்தி நின்னு மரியாதையா ஷாம்பு விளம்பரம் பார்த்தோம். அப்புறம் கோழி. அப்புறம் அங்கிள். தினேஷ் விரலால தள்ளித் தள்ளி முப்பத்தொண்ணாவது நிமிஷத்துக்குக் கொண்டு போனான்.

அங்கிள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு நிதானமாச் சொன்னார்:

"இப்ப நிறைய பேர் பண்ற தப்பு. சீட் பெல்ட் போடாம எண்ணெயை மிதிச்சா ஹேண்ட்பிரேக் தானா விடாது. பழுது இல்ல. பாதுகாப்பு. அவசரத்துக்குக் கையால விடணும்னா, கால் பிரேக்கை மிதிச்சுக்கிட்டு பட்டனை அமுக்கணும். எல்லாம் மீட்டர்ல எழுத்தாவே வரும். தயவுசெஞ்சு படிங்க."

எல்லாரும் மீட்டரைப் பார்த்தாங்க. ரெண்டு முழம் மல்லிகை.

முரளி பூவை லேசா ஒதுக்கினான். அடியில, அரை மணி நேரமா, சிவப்புல பளிச் பளிச்சுன்னு ஒரு பெல்ட் படம். கூடவே நாலு வரி எழுத்து.

ஒரு அடி தூரத்துக்கு எவன் பெல்ட் போடுவான்னு நினைச்சிருந்தேன். காருக்கு அந்தக் கணக்கு தெரியல.

"இருங்க, கீழ ஏதோ எழுதியிருக்கு"ன்னார் வேன்காரர். அவருக்கு எதையும் முழுசாப் படிக்கிற பழக்கம்போல. சத்தமா வாசிச்சார். "'அங்கிள், ரொம்ப நீளம் லா. இதெல்லாம் யாருக்கு வேணும்? விஷயத்துக்கு வாங்க.' எவனோ தர்வினாம். இவனுங்களை மாதிரி ஆளுங்களாலதான் தம்பி நாடே..." போனைக் கிட்ட கொண்டு போனார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"போட்டோவுல கொஞ்சம் சிவப்பா இருக்கீங்க தம்பி"ன்னார்.

அதுக்கு அங்கிள் போட்டிருந்த பதில், கும்பிடுற ரெண்டு கை. அவ்வளவுதான்.

பெல்ட்டை இழுத்து மாட்டினேன். "க்ளிக்." டிங் டிங் நின்னுச்சு. பூசாரி புதுசாக் கற்பூரம் ஏத்தினார், இந்தத் தடவை பக்கவாட்டுல நின்னுக்கிட்டு. கியர் போட்டேன். மிதிச்சேன்.

பழம் நாலும் டப் டப்னு நசுங்குச்சு. வேன்காரர் குடும்பமே கை தட்டுச்சு.

அத்தை நசுங்கின பழத்தைக் குனிஞ்சு பார்த்தாங்க. நாலையும் எண்ணினாங்க. அப்புறம் முன் சீட்டுல ஏறி, முதல் வேலையா பெல்ட்டை மாட்டினாங்க.

"என்னா பார்க்கிறே?"ன்னாங்க. "நான் போடாட்டி இது எங்கேயாச்சும் நடுவழியில உட்கார்ந்துக்கும்."

மாமா பின்சீட்டுல. கோத்தா திங்கி போய்ச் சேர்ற வரைக்கும் ஜன்னலுக்கு வெளியவே பார்த்துக்கிட்டு வந்தார். வழியில நல்ல மழை. ஓரமா ஒரு மோட்டார்க்காரர் மழைக்கோட்டு மாட்டிக்கிட்டு நின்னார். மாமா கண்ணாடியில விரலால தொட்டுப் பார்த்தார். வெளியில ஈரம். உள்ள இல்ல. "நல்ல வண்டிதான் தம்பி"ன்னார்.

சாயங்காலம் அங்கிள் வீடியோவுக்குக் கீழ போய், என் பழைய கருத்துக்கு அடியில எழுதினேன்: "மன்னிச்சிருங்க அங்கிள். நீளம் சரியாத்தான் இருக்கு."

உடனே பதில் வந்துச்சு: "நன்றி தம்பி. இரண்டாம் பாகம் போட்டிருக்கேன். ஒரு மணி பத்து நிமிஷம்."

முழுசாப் பார்த்தேன். ஷாம்பு விளம்பரத்தையும் சேர்த்து.