லீவில் வந்த லண்டன்காரர்

வெளிநாட்டில் படிக்கப் போய் லீவுக்கு ஊர் திரும்பியிருப்பவர் என்றொரு இனம் உண்டு. தேனி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே கண்டுபிடித்துவிடலாம். ஆடி மாதப் புழுதிக் காற்றில் கம்பளிக் கோட்டைக் கையில் தொங்கவிட்டிருப்பார். பெட்டிக்குள் வைக்க மாட்டார், வைத்தால் யாருக்குத் தெரியும்? கண்டக்டருக்குத் தாங்க்யூ சொல்வார். கண்டக்டரோ, இவன் நம்மைச் சண்டைக்கு இழுக்கிறானோ என்று திரும்பிப் பார்ப்பார். முல்லையாற்றுத் தண்ணீரிலேயே வளர்ந்த வயிற்றுக்கு இப்போது சீல் வைத்த பாட்டில் இல்லாமல் ஒரு வாய் இறங்காது. 'எங்க ஊர்ல' என்று ஆரம்பித்தால் சின்னமனூரைச் சொல்கிறார் என்று ஏமாந்துவிடாதீர்கள், இங்கிலாந்தைச் சொல்கிறார். அங்கே பஸ் நிமிஷம் பிசகாமல் வரும், அங்கே ஹாரன் அடித்தால் அசிங்கம், அங்கே புரொபசரைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம். கூப்பிட்டிருக்கிறாரா? அதையெல்லாம் கேட்கக் கூடாது.

இவ்வளவு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அடியேனும் அந்த இனம்தான். பெயர் சுரேஷ்கண்ணன்.

நான் படிப்பது லண்டனிலேயே இல்லை. லண்டனிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம் போனால் ஓர் ஊர் வரும். அதன் பேர் எங்கள் தெருவில் யார் வாயிலும் நுழையாது. ஆகவே நான் கிளம்பிய அன்று மாமாமார்கள் பஸ் ஸ்டாப்பில் கட்டிய பிளக்ஸில், கூலிங் கிளாஸ் போட்ட என் படத்துக்குப் பக்கத்தில் ஒரு மணிக்கூண்டை ஒட்டி, 'லண்டன் செல்லும் எங்கள் சிங்கமே' என்று அச்சடித்துவிட்டார்கள். திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. அன்றிலிருந்து ரேஷன் கடை வரிசையில் அம்மாவுக்கு வழி விடுகிறார்களாம்.

அந்தச் சிங்கம் அங்கே என்ன செய்கிறது? காலேஜ் நேரம் போக ஒரு ஹோட்டலில் தட்டுக் கழுவுகிறது. உழைப்பதில் என்ன கேவலம்? ஒன்றுமில்லை. ஆனால் முதலாளி குமுளிக்காரர். எங்கள் ஊரிலிருந்து குமுளிக்கு பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம்! "வேகம் மோனே, வேகம்" என்று அவர் விரட்டும்போதெல்லாம், இதற்கு எதற்கடா விசா என்று தோன்றும். முதல் வருஷம் இரண்டு பேப்பரில் பெயில். வேலைக்கு நூற்றுச் சொச்சம் விண்ணப்பம் போட்டதில், வருந்துகிறோம் என்று பதில் போட்ட புண்ணியவான்களே ஏழு பேர்தான். வீட்டில் கேட்டால், "நல்லாயிருக்கேம்மா."

போன ஆடியில் நான் வந்திருந்தபோது, பங்காளி முறையில் எனக்குச் சித்தப்பாவான கருத்தக்கண்ணன் தன் மகள் உமாதேவியை வீட்டுக்குக் கூட்டிவந்தார். திராட்சைத் தோட்டக்காரர். மகள் மாமரத்தில் பத்து ஒட்டுக் கட்டினால் ஒன்பது பிடிக்கும், அப்படிப்பட்ட கை. பெரியகுளத்தில் தோட்டக்கலை மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது, வெள்ளிக்கிழமைக்குள் சேர வேண்டும். அதே சமயம் என் காலேஜிலும் ஏதோ மேனேஜ்மென்ட் படிப்புக்குச் சீட்டு வந்துவிட்டது. ஏன் என் காலேஜ்? லண்டன் ஆயிற்றே!

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. அங்கன வந்தா படிப்புக்கேத்த வேலை கெடைக்குமா?" என்றாள் உமாதேவி.

என் ஒரு வார்த்தையில் அந்தப் பெண் பெரியகுளத்தை விட்டுவிடப் போகிறாள். எங்கள் இனத்தில் எவனும் செய்யாத காரியத்தை, அம்மா காபி டம்ளரோடு பக்கத்தில் நிற்கும்போதே செய்தேன்.

"வராத உமா. நான் இருக்குறது லண்டனே இல்ல. ஹோட்டல்ல தட்டுக் கழுவுறேன். ரெண்டு பேப்பர் போச்சு. பேசாம பெரியகுளத்துல சேரு."

சித்தப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். "கேட்டியாத்தா? லண்டன்ல படிக்கிற புள்ளைக்கு எம்புட்டு அடக்கம் பாரு! மதினி, நல்லா வளத்திருக்கீக."

"அவன் சின்னதுலேருந்தே அப்படித்தான். பெருமை பேசவே தெரியாது" என்றாள் அம்மா. ஒரு வருஷமாகப் பெருமையைத் தவிர வேறொன்றும் பேசாதவன் நான்!

"சத்தியமா சித்தப்பா, என்னைய நம்புங்க" என்று அவர் கையைப் பிடித்தேன். அவர் முகம் சட்டென்று மாறியது. கையை உருவிக்கொண்டார்.

"ஏப்பா, நீ ஒருத்தன் போனாப் போதுமா? எங்க புள்ளையும் வந்தா அங்கன எடம் நெறஞ்சு போகுமோ?"

உமாதேவி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க போட்ட ஸ்டேட்டஸ் ஒண்ணு விடாமப் பாத்திருக்கேண்ணே. அதுல ஒண்ணுலயாச்சும் இதச் சொன்னீகளா?"

எப்படிச் சொல்வேன்? அதிலெல்லாம் பனி, பாலம், பீட்சா. வெள்ளிக்கிழமை வந்தது, போயிற்று. பெரியகுளத்து இடம் வேறு யாருக்கோ போனது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு வெட்கமாக இருந்தது.

இப்போது உமாதேவி அதே ஹோட்டலில் எனக்கு அடுத்த தொட்டியில் தட்டுக் கழுவுகிறாள். ஒட்டுக் கட்டிய விரலெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறித் தோல் உரிகிறது. ஆனால் அவள் என்னைப் போல் இல்லை. போன வாரம் சித்தப்பா வீடியோ காலில் கூப்பிட்டதும், ஈரக் கையோடு போனை எடுத்து எங்கள் பக்கமாகத் திருப்பிவிட்டாள். தொட்டி, மலைபோல் தட்டு, ஏப்ரன் கட்டிய நான் என்று எல்லாவற்றையும் நிதானமாகக் காட்டினாள்.

"பாத்துக்கங்கப்பா. அன்னைக்கு அண்ணே சொன்னது பூராம் நெசம்."

சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. அப்பாடா, ஒருவழியாகப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனை வைத்துவிட்டார்.

கால் மணி நேரத்தில் அம்மா கூப்பிட்டாள்.

"ஏலே சுரேசு! லண்டன்ல ஹோட்டல் ஆரம்பிச்சிருக்கியாமே! உமாவும் கூட்டாமே! ஒங்க சித்தப்பா இப்பத்தான் அழுதுக்கிட்டே வந்து சொன்னாக. மொதலாளிகளே கூடமாட நின்னு தட்டுக் கழுவுறாகளாம், என்னா பொறுப்புன்னு தெருவே பேசுது. பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததும் வந்தது.

"இங்கன எதிர்வீட்டு மாரீஸ்வரி வந்து உக்காந்திருக்கா. அவ மகன் தங்கபாண்டிக்குத் தேனியில நல்ல வேலை கெடச்சிருக்கு. அத வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு ஒங்க காலேஜுக்கு வரலாமான்னு கேக்குறா. ஒன் ஹோட்டலு இருக்க, என்ன பயம்னு சொல்லிட்டேன். சரிதானே?"

"உண்மையச் சொல்லிருங்கண்ணே" என்று பக்கத்திலிருந்து உமாதேவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். போனில் அம்மா அழுகையும் சிரிப்புமாக என் பதிலுக்குக் காத்திருந்தாள். அவள் இவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

என்ன சொன்னேன் என்றா கேட்கிறீர்கள்? உங்களைப் பெற்றவள் அந்தக் குரலில் கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்களோ, அதையேதான் சொன்னேன்.

தங்கபாண்டி செப்டம்பரில் வருகிறான்.