மேற்படி கடிதத்தின் நகல்

"சட்டமன்றத்துலேர்ந்து அந்த மருந்தாளுநர் மன்றத்துக்கு இன்னா எழுதினாங்கன்னு நீயே சொல்லிடு சாம்சா. நான் எழுதிக்கினு போறேன்" என்றார் கிராம உதவியாளர் பஞ்சாட்சரம், வண்டியை விட்டு இறங்காமலே.

சாம்சன் கையிலிருந்த வைக்கோல் கட்டைக் கீழே போட்டார். சொர்ணவாரி நெல் அறுப்பு முடிந்து, சாலவாக்கம் ஏரிக்குக் கீழே நான்கு நாளாக அவருக்கு அந்தக் கூலி வேலைதான்.

"அத்தத் தெரிஞ்சிக்கத்தாண்ணா நானே மனு போட்டேன்."

"மனு போட்டவன் நீ. அப்போ விஷயம் உனக்குத்தானே தெரியும்? மேலேர்ந்து இன்னா வந்துகீது பாரு. மனுதாரரை நேரில் விசாரித்து அறிக்கை அனுப்பவும். மனுதாரர் நீ, விசாரிக்கறது நான். சட்டுனு சொல்லு, சாயங்காலம் தாலுகா ஆபீஸ்ல குடுக்கணும்."

சாம்சனுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவர் இருந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது.

மகள் ஷீபா மருந்தாளுநர் படிப்பு படித்தவள். இரண்டு வருஷம் பஸ்ஸில் போய்வந்து படித்து முடித்தாள். அவள் முடித்த கையோடு கல்லூரியும் தன்னை முடித்துக்கொண்டது. வாசலில் பூட்டு, முதல்வர் அறையில் புறா. மூடின கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பதிவு எண் தருவதை மருந்தாளுநர் பதிவு மன்றம் நிறுத்திவைத்தது. அந்த எண் இல்லாமல் ஷீபா கையால் ஒரு மாத்திரை அட்டையைக்கூட எடுத்துத் தர முடியாது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக் கடையில், படித்த படிப்புக்கு மரியாதையாக, பின்பக்கம் அட்டைப்பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் அக்டோபரில் சட்டமன்றத்தின் ஒரு குழு காஞ்சிபுரத்துக்கு வந்து மக்களிடம் மனு வாங்கியது. சாம்சன் கூலியை விட்டுவிட்டுப் போய் வரிசையில் நின்றார். மனுவைப் படித்த பெரியவர் ஒருவர், "மன்றத்துக்கு எழுதச் சொல்றோம்பா" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சாம்சன் வீட்டுக்கு வந்தார். கிறிஸ்துமஸ் வந்தது, பொங்கல் வந்தது, கடிதம் மட்டும் வரவில்லை.

எழுதினார்களா இல்லையா என்பது தெரிந்தால் போதும் என்று இருந்தது அவருக்கு. அப்படித்தான் தாலுகா ஆபீஸ் எதிரே ஓர் அறையில் மனு எழுதும் ஏகாம்பரத்திடம் போய்ச் சேர்ந்தார்.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் தேர்தல் விதிகளைக் கோவில் சுவரில் வெட்டிவைத்த ஊர் உத்திரமேரூர். அந்தக் காலத்தில் அரசாங்க விஷயம் தெரிய வேண்டுமென்றால் சுவர் பக்கம் போனால் போதும். இப்போது பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும், பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்ட வேண்டும், ஏகாம்பரத்துக்கு டீயும் வாங்கித் தர வேண்டும்.

"தகவல் உரிமைச் சட்டத்துல கேள்வி கேக்கக் கூடாது சாம்சன்" என்றார் ஏகாம்பரம், டீயை ஆற்றிக்கொண்டே. "ஏன், எதுக்கு, எப்போன்னு கேட்டா, இது தகவல் இல்லன்னு தள்ளிடுவான். காகிதம் கேக்கணும். இன்ன கடிதத்தின் நகல். அவ்ளோதான். அவன் தப்பிக்கவே முடியாது."

"நேர்ல போயி ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துட்டா சார்?"

"மனு நிலுவைல இருக்கும்போது நேர்ல போவாத. கேஸ் வீக் ஆயிடும்."

இது என்ன கேஸ், யார் மேல் கேஸ் என்று சாம்சனுக்கு விளங்கவில்லை. ஆனாலும் பயந்துபோனார். சட்டமன்றம் மன்றத்துக்கு எழுதிய கடிதத்தின் நகலும், மன்றம் அதற்கு எழுதிய பதிலின் நகலும் வேண்டி பிப்ரவரியில் மனு போனது. ஏப்ரலில் மன்றத்துக்கே நேராக இன்னொன்று போட்டார்கள். அது முதல் மனுவைத் தேடிப் போய் அதனோடு ஒட்டிக்கொண்டது. சட்டமன்ற அலுவலகம் மன்றத்துக்கு மாற்ற, மன்றம் துறைக்கு மாற்ற, விலாசத்தில் காஞ்சிபுரம் என்று பார்த்த துறை மாவட்டத்துக்குத் தள்ள, மாவட்டம் தாலுகாவுக்கு, தாலுகா கிராமத்துக்கு. ஒவ்வொரு முறையும் 'தங்கள் மனு மாற்றப்பட்டது' என்று சாம்சனுக்கு ஒரு தபால் வந்தது. சென்னை வரை போன மனு ஆறு மாதத்தில் அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கிராம அலுவலகத்துக்கே வந்து, அங்கிருந்து பஞ்சாட்சரத்தின் வண்டியில் ஏறி, வைக்கோல் போருக்கே வந்துவிட்டது.

"இன்னா யோசன? வெயில் ஏறிக்கினு போவுது" என்றார் பஞ்சாட்சரம்.

"தெரியாததை நான் இன்னாத்தண்ணா சொல்றது?"

"இன்னா எழுதியிருப்பாங்கன்னு உனக்குத் தோணுதோ அத்தச் சொல்லு. காகிதத்த வெறுமனே அனுப்பினா என் சம்பளத்துல கை வெப்பாங்க."

சாம்சன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். பிறகு, யாரிடமோ பேசுகிறவர்போல வரப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்தப் பொண்ணு ரெண்டு வருசம் பஸ்ஸுல தொங்கிக்கினு போயி படிச்சிச்சு. காலேஜ மூடினா அது இன்னா பண்ணும்? அதுக்கு ஒரு நம்பரக் குடுத்துடுங்கன்னு எழுதியிருப்பாங்க."

பஞ்சாட்சரம் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். மனுதாரர் கையெழுத்து என்ற இடத்தில் சாம்சன் கையெழுத்துப் போட்டார். வண்டி கிளம்பிப் போயிற்று.

செப்டம்பர் கடைசியில் மனுவுக்குப் பதிலாகத் தடித்த உறை ஒன்று வந்தது. சாம்சனின் மனைவி திலகா அதைக் கிழிக்கப் பயந்து, ஷீபா வேலையிலிருந்து வரும் வரை பைபிளுக்குள் வைத்திருந்தாள். ஷீபா நின்றபடியே படித்தாள்.

"சட்டமன்றக் கடிதத்தின் சாராம்சம் வருமாறு. மேற்படி மாணவி இரண்டு ஆண்டுகள் பேருந்தில் தொங்கிச் சென்று பயின்றுள்ளதாலும், கல்லூரி மூடப்பட்டமைக்கு அவர் என்ன செய்வார் என்பதாலும், அன்னாருக்குப் பதிவு எண் வழங்கிட வேண்டும்."

திலகா கையெடுத்துக் கும்பிட்டு, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றாள்.

ஷீபா காகிதத்தைத் தாழ்த்தி அப்பாவைப் பார்த்தாள்.

"நான் பஸ்ஸுல தொங்கினது சட்டமன்றத்துக்கு எப்படிப்பா தெரியும்?"

சாம்சன் தரையைப் பார்த்தார். வைக்கோல் போர் அருகே நடந்ததைச் சொல்லி முடித்தார். ஷீபா சிரித்தாள். பல மாதம் கழித்து அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது. சிரித்துக்கொண்டே காகிதத்தை மடித்து அப்பா கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். சோறு வேண்டாம் என்றுவிட்டாள்.

அவளுக்கு வேறு கவலை. அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு மருந்தாளுநர் எடுக்கப் போவதாக விளம்பரம் வந்திருந்தது. நவம்பர் பதினைந்து கடைசி நாள். இதை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. முன்பு கூடப் படித்தவர்கள் செல்போன் குழுவில் 'யாருக்காவது வந்துச்சா' என்று தினமும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதைப் பொறுக்க முடியாமல்தான் போன நவம்பரிலேயே குழுவை விட்டு வெளியே வந்திருந்தாள். இப்போது தனியாகவே பயந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் சாம்சன் ஏகாம்பரத்திடம் ஓடினார்.

"சார், இது சட்டமன்றம் எழுதினது இல்ல. நான் சொன்னது."

ஏகாம்பரம் கதவைச் சாத்தினார். "இத்த வெளிய சொல்லித் தொலைக்காத. அரசாங்க அறிக்கைல பொய்த் தகவல் குடுத்தன்னு உன்னத்தான் புடிப்பாங்க. கையெழுத்து வேற போட்டிருக்க."

"ஐயோ. அப்புறம் இன்னா சார் பண்றது?"

"சாராம்சம் வேணாம், சான்றிட்ட நகலே வேணும்னு மூணாவதா ஒண்ணு போடுவோம். உண்மையான கடிதம் வெளிய வந்தா இது அமுங்கிடும்."

மூன்றாவது மனு போயிற்று. பதில் ஆச்சரியமாக இரண்டே வாரத்தில் வந்தது. 'கிராம அளவிலான விசாரணை அறிக்கையின்படி, மேற்படி கடிதத்தின் விவரம் முழுவதும் மனுதாரருக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதால், மீண்டும் கோருவது தேவையற்றது என முடித்துவைக்கப்படுகிறது.'

அதோடு விட்டார்களா என்றால், இல்லை. மூன்றாம் நாள் பஞ்சாட்சரம் மறுபடியும் வந்தார்.

"சாம்சா, சட்டமன்றக் கடிதத்துல இருக்கறது உனக்கு எப்படித் தெரிஞ்சிதுன்னு விளக்கம் கேக்கறாங்க."

"நீதாண்ணா சொல்லச் சொன்ன."

"நான் சொல்லச் சொன்னதா எங்கயும் எழுதலியே" என்றார் பஞ்சாட்சரம், நிஜமான வருத்தத்தோடு.

சாம்சன் அன்று வேலைக்குப் போகவில்லை. வயசான காலத்தில் ஜெயிலுக்குப் போகப் போகிறோம், அதுவும் மகளுக்கு நல்லது செய்யப் போய், என்று வீட்டில் உட்கார்ந்து அழுதார். திலகா அவரைத் திட்டினாள், பிறகு பக்கத்தில் உட்கார்ந்து தானும் அழுதாள். ஏகாம்பரம் மட்டும் சோர்ந்து போகவில்லை. நான்காவதாக மேல்முறையீடு என்று ஒன்றை ஆறு பக்கத்துக்கு எழுதினார். அதற்குப் பதிலாக, மன்ற அலுவலகத்தில் நேர் விசாரணை, மனுதாரர் தவறாமல் ஆஜராக வேண்டும் என்று கடிதம் வந்தது. தேதி நவம்பர் பத்தொன்பது.

பதினைந்தாம் தேதி ஷீபா கடைக்கு லீவு போட்டுவிட்டு, செல்போனில் அந்த விண்ணப்பத்தைத் திறந்து உட்கார்ந்தாள். பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் எல்லாம் போட்டாள். பதிவு எண் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் போக மாட்டேன் என்றது. சாயங்காலம் ஐந்து மணி வரை அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செல்போனை அணைத்துவிட்டு, துணி துவைக்கப் போனாள்.

பத்தொன்பதாம் தேதி அப்பாவும் மகளும் செங்கல்பட்டு வழியாகப் பஸ் மாறிச் சென்னைக்குப் போனார்கள். வழியில் சாம்சன் ஒரே ஒரு தடவைதான் பேசினார்.

"என்னப் புடிச்சி வெச்சிட்டாங்கன்னா, நீ இருட்டறதுக்குள்ள வூடு போய்ச் சேந்துடு ம்மா."

"சும்மா வாப்பா" என்றாள் ஷீபா.

யாரும் பிடிக்கவில்லை. தினகரன் என்ற அதிகாரி, தலைக்கு மேல் ஃபேன் சுற்ற, கோப்பைப் புரட்டிவிட்டு அமைதியாகப் பேசினார்.

"நீங்க கேட்டது ரெண்டு கடிதம். ரெண்டும் இருக்கு. இவ்வளவு தூரம் இழுத்திருக்க வேண்டாம். தந்துடறோம். திருப்தின்னு கையெழுத்துப் போடுங்க."

சாம்சன் கையெழுத்துப் போட்டார். கையில் இரண்டு தாள் வந்தது. ஒன்று, சட்டமன்றக் குழு எழுதியது. 'இணைக்கப்பட்ட மனுவின் மீது உரிய நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது.' இன்னொன்று, மன்றத்தின் பதில். 'உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது.' ஆளுக்கு ஒரு வரி. பஸ்ஸும் இல்லை, தொங்கலும் இல்லை.

"சார், இன்னா நடவடிக்கைன்னு..."

"அது இந்த மனுவுல வரல. அடுத்த ஆளைக் கூப்பிடுங்க" என்றார் தினகரன், கோபமே இல்லாமல்.

ஒன்பது மாதமாகக் கேட்ட காகிதம் கையில் இருந்தது. சாம்சனுக்கு அதைக் கிழித்துப் போட வேண்டும்போல இருந்தது. இதற்காகவா மகளின் ஒரு வருஷத்தைக் கொண்டுபோய்க் கொட்டினோம் என்று நெஞ்சு வலித்தது. ஷீபா அவர் முழங்கையைப் பிடித்து, நகல் கட்டணம் வாங்கும் ஜன்னலுக்கு அழைத்துப் போனாள்.

ஜன்னலுக்குப் பின்னால் மலர்க்கொடி என்று புடவையில் பெயர் அட்டை குத்திய அம்மாள் நான்கு ரூபாயை வாங்கிக்கொண்டு ரசீது எழுதினாள். எழுதும்போதே மனுவில் இருந்த பெயரைப் பார்த்தாள். நிமிர்ந்து ஷீபாவைப் பார்த்தாள்.

"ஷீபா நீங்கதானா?"

"ஆமாங்க."

அந்த அம்மாள் எழுந்து போய் அலமாரியைத் திறந்து, திரும்பி வந்த தபால்களின் கட்டிலிருந்து ஒரு பழுப்பு உறையை உருவிக்கொண்டு வந்து ஜன்னல் வழியே நீட்டினாள்.

"உங்களுக்கு நம்பர் போட்டு பதினோரு மாசம் ஆச்சும்மா, கார்டு காலேஜ் விலாசத்துக்குப் போய்த் திரும்பி வந்து இங்கதான் கிடக்குது. அப்பா நாலு மனு போட்டாரு, நாலுலயும் லெட்டர் நகல்தான் கேட்டாரு, நம்பர் போட்டாச்சான்னு ஒண்ணுலகூடக் கேக்கலையே."