பாவாயி செத்துப்போன வியாழக்கிழமை

எனக்குப் பேச்சு வராது. வாய் நன்றாகத்தான் இருக்கிறது, சோறு தின்கிறது. பேச்சுதான் வராது. பெண் பார்க்கப் போன அன்றைக்கே, "மாப்பிள்ளைக்குக் காது கேக்குமுங்களா?" என்று என் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இப்படிப்பட்ட நான் வாயைத் திறக்காமலேயே ஊரைக் கூட்டி அழவைத்திருக்கிறேன்.

நாமக்கல் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் தோட்ட வேலை எனக்கு. மோட்டார் போடுவது, புல் வெட்டுவது, குரோட்டன்ஸ் செடிக்குத் தலை வாரிவிடுவது. ஊர் எருமப்பட்டிக்குப் பக்கம். படிப்பு எட்டாவதில் முடிந்தது. (நான் முடிக்கவில்லை. அதுவாக முடிந்தது.)

அந்தக் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுக்கிற டாக்டர்களுக்கு வைத்தியம் போக இன்னொரு வேலையும் உண்டு. பிள்ளைகள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்வார்கள். ஆளுக்கொரு ஆராய்ச்சி. ஒரு சார், நோயாளி பேச ஆரம்பித்ததும் மாணவன் எவ்வளவு நேரத்தில் குறுக்கே விழுகிறான் என்று வாட்சைப் பார்ப்பார். ஒரு மேடம், யாரும் பார்க்காதபோது பிள்ளைகள் கை கழுவுகிறார்களா என்று பார்ப்பார். (யாரும் பார்க்காததை இவர் எப்படிப் பார்க்கிறார் என்று நான் கேட்கவில்லை.) இன்னொருவர் பரீட்சையில் கோட்டை விட்ட பையன்களாகத் தேடிப் பிடித்துப் பேசுவார். பாஸானவன் வணக்கம் சொன்னாலும் கண்டுகொள்ள மாட்டார்.

மல்லிகா மேடம் எடுத்துக்கொண்டது சாவுச் செய்தி. ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்துவிட்டால் வெளியே காத்திருக்கிற வீட்டுக்காரருக்கு அதை எப்படிச் சொல்வது, அதைப் பிள்ளைகளுக்கு எப்படிப் பழக்குவது. ஒரு நாள் நான் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த இடத்துக்கே வந்தார்.

"பழனியண்ணா, உங்க மூஞ்சி எனக்கு வேணும்."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "அழுகுற ஆளுன்னா பசங்க எப்படியோ சமாளிச்சுக்கறாங்க. தண்ணி குடுக்கறாங்க, தோளைத் தட்டறாங்க. ஒண்ணுமே பேசாம உக்காந்திருக்கிற ஆளுன்னா முழிக்கறாங்க. அதத்தான் நான் பாக்கணும். நீங்க சும்மா உக்காந்தாப் போதும்."

"சும்மான்னா எப்படீங்க?"

"இப்ப இருக்கீங்கல்ல, இப்படியே."

கதை இதுதான். என் சம்சாரத்தை நெஞ்சுவலி என்று கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். உள்ளே இறந்துவிட்டாள். மாணவன் வந்து சொல்வான். நான் பேசக் கூடாது. சம்சாரத்தின் பெயர் லட்சுமி என்று எழுதியிருந்தார்கள்.

"லட்சுமின்னு எனக்கு யாரையும் தெரியாதுங்க மேடம். தெரியாதவங்க செத்தா மூஞ்சி எப்படி மாறும்?"

மேடம் பேனாவை எடுத்தார். "அப்ப உங்க ஊட்டுக்காரம்மா பேரையே வெச்சுக்கலாமா? உங்களுக்குக் கஷ்டமா இருக்காதே?"

"பேர்தானுங்க" என்றேன். லட்சுமியை அடித்துவிட்டுப் பாவாயி என்று எழுதினார்.

பாவாயியிடம் இதைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, சொல்லவில்லை, அவ்வளவுதான். அதுவும் அப்போது அவள் இருந்த இருப்பில் அவள் முன்னால் சாவு கீவு என்று பேச முடியாது. அண்ணனோடு பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தாள்.

அவள் அண்ணன் முத்துசாமி திருச்செங்கோட்டில் ரிக்கு வண்டி வைத்திருப்பவர். போர்வெல் போடுவதற்காக வருசத்தில் பாதி நாள் வடக்கே எங்கேயாவது இருப்பார். புது வீடு கட்டினார். புதுமனை புகுவிழாப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். எல்லாருக்கும் அனுப்புகிறபோது கூடப் பிறந்தவளுக்கும் அனுப்பிவிட்டார். வெற்றிலை பாக்கு வைத்து நேரில் வந்து கூப்பிட வேண்டிய இடம் அது.

"கூடப் பொறந்தவளுக்குப் போன்ல படமா? அந்த ஊட்டு வாசப்படிய நான் தாண்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அண்ணனுக்கு, பால் காய்ச்சத் தங்கச்சி வரவில்லையே என்று கோபம். அவர் வரட்டும் என்று இவள். இவள் வரட்டும் என்று அவர். சில வருசம் இப்படியே ஓடியது. அவர் போனில் ஸ்டேட்டஸ் வைத்தால் மட்டும் என் போனை வாங்கிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, "எளச்சுப் போயிட்டாரு" என்பாள். வேறெதுவும் சொல்ல மாட்டாள். ராத்திரி சாப்பாட்டில் உப்பு இருக்காது.

அந்த வியாழக்கிழமை காலையில் அவள் ஆட்டை ஓட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் போய்விட்டாள். எங்களிடம் மேச்சேரி ஆடு கொஞ்சம் உண்டு. போனால் பொழுது சாயத்தான் வருவாள். போனை எடுத்துப் போகும் பழக்கம் இல்லை. நான் கல்லூரிக்குப் போனேன். பாதியில் மணி அடிக்கக் கூடாது என்று என் போனை மேடம் அணைத்து பீரோவில் வைத்துப் பூட்டினார்.

ஒரு அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். முதல் பையன் நின்றுகொண்டே சொல்லிவிட்டு, நான் பேசாததால் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து, இன்னும் சத்தமாக மறுபடி சொன்னான். அடுத்தவன் தண்ணீர் கொடுத்தான். குடித்தேன். இன்னொரு டம்ளர் கொடுத்தான். குடித்தேன். எனக்கு மறுக்கத் தெரியவில்லை, அவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை. ஒருத்தன் என் சர்க்கரை, பிரஷர் எல்லாம் விசாரித்துவிட்டு, செய்தியைச் சொல்லாமலேயே போய்விட்டான். மூலையில் உட்கார்ந்து மேடம் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார். அவருக்குச் சந்தோசம்.

மத்தியானத்துக்கு மேல் கரண்ட் போனது. புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்துவிட்டோம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஓ.பி. வராந்தா. அப்போதுதான் ஒரு பெண் பிள்ளை வந்தது. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டது.

"ஐயா, பாவாயி அம்மாவ எங்களால காப்பாத்த முடியலைங்க ஐயா."

நான் பேசவில்லை. அந்தப் பிள்ளையும் பேசவில்லை. பிறகு அதுவே அழ ஆரம்பித்துவிட்டது. பாவமாக இருந்ததால் நான் தலையைத் தடவிக்கொடுத்தேன். (இது மேடம் சொல்லிக்கொடுத்ததில் இல்லை.)

இதை ஜன்னல் வழியாக என் பங்காளி ராசு பார்த்துக்கொண்டிருந்தான். மூட்டு வலிக்கு மாத்திரை வாங்க வந்தவன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். எழவுச் செய்தி காதில் விழுந்தால், அந்த வீட்டுக்காரனைக் கூப்பிட்டு, "நெசந்தானா?" என்று கேட்க மாட்டார்கள். அது மரியாதை இல்லை. அடுத்தவனுக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பி வந்துவிடுவார்கள். ராசுவும் மரியாதை தெரிந்தவன். உள்ளே வந்து என் தோளைத் தொட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். பழனியண்ணன் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் எதற்கு, நாம் ஊர்க் காரியத்தைப் பார்ப்போம் என்று போய்விட்டான். மாத்திரைகூட வாங்கவில்லை.

சாயங்காலம் டி.வி.எஸ். வண்டியில் திரும்பினேன். போனை வாங்கிப் பையில் வைத்தவன், அதை ஆன் பண்ண மறந்துவிட்டேன். ஊர் முக்கில் ஒரு பேனர். கண்ணீர் அஞ்சலி. பாவாயி சிரித்துக்கொண்டிருந்தாள். ராசு மகன் காதுகுத்தில் எடுத்த போட்டோ. வெட்டி எடுத்ததில் என் தோள்பட்டை கொஞ்சம் ஓரத்தில் ஒட்டியிருந்தது.

வண்டியை நிறுத்தினேன். காலைக் கீழே ஊன்ற மறந்துவிட்டேன். வண்டியோடு சாய்ந்தேன்.

காலையிலிருந்து ஆளாளுக்குச் சொன்னது எனக்குள் இறங்கவே இல்லை. இப்போது மொத்தமாக இறங்கியது. உண்மையில் நடந்துவிட்டதை எனக்குப் பக்குவமாகச் சொல்லத்தான் மேடம் இத்தனை பேரை ஒவ்வொருவராக அனுப்பினாரோ என்றுகூடத் தோன்றியது. (என் அறிவு அவ்வளவுதான்.) வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

வாசலில் சாமியானா. சேர். ஐஸ் பெட்டி வந்து இறங்கி, ஒயரை எங்கே சொருகுவது என்று ஒருவன் தேடிக்கொண்டிருந்தான். பெட்டி மேல் மாலைகள். ஆட்டுப்பட்டி காலியாக இருந்தது.

"எழவு ஊடுன்னுகூடப் பாக்காம ஆட்டையும் எவனோ ஓட்டிக்கிட்டுப் போயிட்டான் பாருங்க" என்று ஒரு அம்மா சொல்லிக்கொண்டிருந்தது.

"காலையிலகூட அவளப் பாத்தேனே" என்றது இன்னொன்று.

"காலையில பாத்த மனுசிதான சாவா? நேத்து செத்தவளையா இன்னைக்குப் பாப்ப?"

ராசு ஓடி வந்து என் கையைப் பிடித்தான். "பாடி எப்பங்ணா குடுக்கறாங்க?"

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. எல்லாரும் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். துக்கம்தான். ஒரு சேரில் உட்காரவைத்தார்கள்.

அந்த நேரம் ஒரு கார் வந்தது. முத்துசாமி மச்சான் இறங்கினார். பையில் கோடிச் சேலை. செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வருகிற சேலை. என் தோளில் விழுந்து அழுதார்.

"ஒரு நடை வந்திருக்கோணும் மாப்ள. ஒரு நடை வந்திருக்கோணும். எந்நேரமும் அவ நெனப்புதான் மாப்ள. நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னே இருந்துட்டேன்."

எனக்கு அப்போதும் பேச்சு வரவில்லை. நானும் அழுதேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் அழுதது அன்றைக்குத்தான்.

முதலில் ஆடுகள் வந்தன. கூட்டத்துக்குள் புகுந்து நேராக ஐஸ் பெட்டிக்குப் போய் மாலையைத் தின்ன ஆரம்பித்தன. பின்னாலேயே குச்சியோடு பாவாயி. சாமியானாவைப் பார்த்தாள். ஐஸ் பெட்டியைப் பார்த்தாள். குச்சியைப் போட்டுவிட்டு, "ஐயோ, என்ன உட்டுட்டுப் போயிட்டீங்களே" என்று மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

பெண்கள் கத்திக்கொண்டு சிதறினார்கள். ஒரு அம்மா சாக்கடையில் உட்கார்ந்துவிட்டது. ஐஸ் பெட்டிக்காரன் தெருமுனை வரை ஓடித்தான் திரும்பிப் பார்த்தான்.

கூட்டம் விலகியதும் சேரில் இருந்த நான் அவள் கண்ணில் பட்டேன். அப்படியே நின்றாள்.

"நீங்க இருக்கறீங்களா? அப்பப் போனது யாருங்க?"

ராசுதான் கடைசியில் மெதுவாகச் சொன்னான். "நீங்கதானுங்க அண்ணி."

அப்போதுதான் எனக்குப் பேச்சு வந்தது. "காலேஜில நடிப்பு" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அவள் கீழே கிடந்த குச்சியை எடுத்தாள். என் பக்கம் வந்தாள். அப்போதுதான் என் பக்கத்தில் நின்ற அண்ணனைப் பார்த்தாள்.

குச்சி கையிலேயே நின்றது.

"ஏனுங்ணா, சாவுக்கு மட்டும் நேர்ல வருவீங்களா?"

மச்சான் முகத்தைத் துடைத்தார். "சாவுக்கு யாரும் கூப்புட வேண்டியதில்ல பாவாயி. அதான் வந்தேன்."

சாக்கடை அம்மாவைத் தூக்கிவிடக்கூட யாரும் நகரவில்லை. பாவாயி கையை நீட்டி அந்தப் பையை வாங்கினாள். சேலையைப் பிரித்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இந்தக் கலரா எடுத்தீங்க? நான் செத்திருந்தாக்கூடக் கட்டியிருக்க மாட்டேன்."

மச்சானுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து இருமல் பிடித்துக்கொண்டது. அவள் உள்ளே ஓடித் தண்ணீர் கொண்டுவந்தாள். அன்றைக்கு வந்த கூட்டத்துக்கெல்லாம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஐஸ் பெட்டிக்காரனும் சாப்பிட்டான்.

மறுநாள் மேடம், அழுத அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்க வந்தார். பாவாயி பாய் போட்டாள். "என்னக் கொன்னது நீங்கதானுங்களா? உக்காருங்க. காப்பியா, டீயா?" மேடம் கண் கலங்கினார். கலங்கிய கண்ணோடேயே, "உங்களுக்கு அந்த நேரத்துல மனசு எப்படி இருந்துச்சும்மா?" என்று கேட்டார். பாவாயி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆராய்ச்சி என்றால் இதுதான் என்று நான் கண்ணால் சொன்னேன்.

கல்லூரியிலும் விடவில்லை. வாட்ச் சார், செய்தி யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று என்னிடம் விசாரித்தார். கை கழுவுவதைப் பார்க்கிற மேடமும் ஒரு நாள் அதையே கேட்டார். கோட்டை விட்ட பையன்களைத் தேடுகிற சார் என்னைத் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "சொல்லுங்க, இதுலருந்து என்ன கத்துக்கிட்டீங்க?" என்றார். "ஜன்னலச் சாத்தணுமுங்க" என்றேன். எழுதிக்கொண்டார்.

இப்போதும் நடிக்கப் போகிறேன். ஆனால் பாவாயி கண்டிசன் போட்டுவிட்டாள். இனிமேல் சாக வேண்டியிருந்தால் நான்தான் சாக வேண்டும். அதனால் மேடம் எனக்குப் பிணம் வேடம் கொடுத்திருக்கிறார். நன்றாகச் செய்கிறேன் என்கிறார்கள்.

மச்சான் அடுத்த வாரமே சேலையை மாற்றிக்கொண்டு வந்தார். அந்தக் கலரும் பிடிக்கவில்லை என்று திருப்பினாள். மறுபடி வந்தார். அதுவும் பிடிக்கவில்லை. எந்தக் கலரும் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். மச்சானுக்கும் தெரியும். ரிக்கு ஊருக்கு வந்தால் போதும், பையோடு கிளம்பி வந்துவிடுகிறார். வண்டியை விட்டு இறங்கியதும் வாசலில் நின்று குரல் கொடுப்பார்.

"பாவாயி, இருக்கறயா சாமி?"

சமையல்கட்டிலிருந்து அவள் சொல்வாள். "இன்னைக்கு இருக்கறேனுங்ணா. கோழி அடிச்சிருக்கு, வாங்க."