முழுமையாக உடன்படுகிறேன்

கிடங்கு மேற்பார்வையாளருக்கு மேலாளர் நாற்காலி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. நடுவில் ஒரே ஒரு இணைய வகுப்புதான். ஆறு வாரம். தேர்வு கிடையாது, கலந்துரையாடலில் நன்றாகப் பங்கேற்க வேண்டும், அவ்வளவுதான். பதினெட்டு வருஷமாகப் பெட்டியைப் பிரித்தே பார்க்காமல் 'சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்தியவருக்கு இதெல்லாம் ஒரு காரியமா?

"நாலே வார்த்தை போதும்," என்றார் மனைவியிடம். "'அருமையான கருத்து. முழுமையாக உடன்படுகிறேன்.' யார் என்ன எழுதினாலும் அடியில இதைப் போட்டுடு."

"நானா போடணும்?"

"நீதான் வேகமா தட்டுவே."

மனைவி தையல்காரி. சமையல், பாத்திரம், துணி எல்லாம் முடித்து அவள் மெஷின் முன்னால் உட்காரும்போது மணி பத்தாகிவிடும். தைக்க வேண்டிய சட்டைகள் நாற்காலி நிறையக் குவிந்து கிடக்கும். காலையில் கொஞ்சம் கை கொடுங்கள் என்று அவள் கேட்காத வருஷமில்லை. பார்க்கலாம் என்று இவர் சொல்லாத வருஷமுமில்லை. ஆனாலும் மறுபேச்சுப் பேசாமல் கைப்பேசியை வாங்கிக்கொண்டாள்.

முதல் வாரம் நாலு வார்த்தையில் ஓடிவிட்டது. இரண்டாம் வாரம் ஆசிரியை ஒரு குறிப்பு அனுப்பினார். இவர் தொலைக்காட்சியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, சும்மா உடன்பட்டா போதாதாம். மத்தவங்க எழுதினதைப் படிச்சு, சொந்த அனுபவத்தையும் சொல்லணுமாம்."

"சொல்லிடு."

"இந்த வாரம் வேலையைப் பகிர்ந்துக்கறது பத்தி. காலைச் சமையலை நீங்க பண்றதா எழுதவா?"

"எழுது, எழுது."

"பாத்திரம் யாரு கழுவறதுன்னு ஒருத்தர் கேக்கறார்."

"அதுவும் நானேன்னு சொல்லு. மேல கேள்வி வராம இருந்தா சரி."

"ஒரு தடவை படிச்சுக் காட்டட்டுமா?"

"எதுக்கு? உன்மேல எனக்கு நம்பிக்கை இருக்கு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாங்கிய முதல் பாராட்டு இது. அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு வேலையாக அவர் தலையில் ஏற்றினாள். துணி துவைத்தார், வீடு பெருக்கினார். எல்லாம் எழுத்தில்தான்.

ஆறாவது வாரம் நேரலை வகுப்பு. திரையில் நிறுவனத்தின் முதலாளியே உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரையும்விட நன்றாகப் பங்கேற்றவர் இவர்தான்," என்றார் ஆசிரியை. "ஐந்தரைக்கு எழுந்து, சமைத்து, பாத்திரம் கழுவி, துணி உலர்த்திவிட்டுத்தான் வேலைக்கு வருகிறார்."

மேற்பார்வையாளர் பக்கத்தில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"வீட்டையே இப்படிப் பாத்துக்கறவர் கிடங்கைப் பாத்துக்க மாட்டாரா?" என்றார் முதலாளி. "இதெல்லாம் நெஜந்தானே?"

இல்லை என்று சொன்னால் நாற்காலி போய்விடும்.

"நெஜந்தாங்க சார்."

"பக்கத்துல வீட்டுக்காரம்மாவா? நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா."

இவர் கண்ணாலேயே கெஞ்சினார். அவள் அவசரப்படவில்லை. கையிலிருந்த சட்டைப் பொத்தானுக்கு முடிச்சுப் போட்டு, நூலைக் கடித்து அறுத்தாள்.

"அருமையான கருத்து. முழுமையாக உடன்படுகிறேன்," என்றாள். "ஞாயித்துக்கிழமை காலைச் சாப்பாட்டுக்கு வாங்க சார். அவர் கையால ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க."

"கண்டிப்பா வர்றேம்மா. அன்னைக்கே உத்தரவையும் கையில கொடுத்துடறேன்."

திரை அணைந்தது.

"இப்படி மாட்டிவிட்டுட்டியே. எனக்கு அடுப்பு பத்தவைக்கவே தெரியாதே."

"இன்னைக்கு வியாழன்தானே? பழகிக்க ரெண்டு காலை இருக்கு."

மறுநாள் ஐந்தரை மணி. வருங்கால மேலாளர் கரண்டியும் கையுமாகச் சமையலறையில் நின்றார்.

"ஏம்மா, உப்பு எவ்வளவுன்னு ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போயேன்."

உள்ளறையில் போர்வை அசையவில்லை. குரல் மட்டும் வந்தது.

"எதுக்குங்க? உங்கமேல எனக்கு நம்பிக்கை இருக்கு."