ஒரு சொட்டுக் குங்குமம்

குங்குமம் சரியாக நடுவில் விழுந்தது.

ஜம்பு குனிந்து பார்த்தார். கண்ணாடி போன்ற தாளின் மேல் நாணய அளவுக்குச் சிவப்பு. மணி ஒன்பது. பதினொன்றுக்குக் கமிட்டி.

"அய்யய்யோ, என்ன சார் பண்ணிட்டீங்க?" துடைப்பத்தோடு நின்ற முத்தம்மா வாயில் கை வைத்தாள்.

"கத்தாதே. மிஷினுக்குப் பொட்டு வைக்கத்தான் வந்தேன். இந்தப் பெட்டி திறந்திருக்கும்னு கண்டேனா?"

நாளைக்கு ஆயுத பூஜை, லீவு. முந்தின நாளே எல்லா மிஷினுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவது ஜம்புவின் வழக்கம். பதினெட்டு வருஷ டெல்லி வாசம் அவரிடம் எதையெதையோ மாற்றியிருக்கிறது. இதை மாற்றவில்லை.

அது சாதாரணத் தாள் அல்ல. பிளாஸ்டிக்கின் மேல் கிராஃபீன் பூசியது. பென்சில் கரியை அணு கனத்துக்கு ஒற்றை அடுக்காக உரித்தால் கிராஃபீன். கண்ணுக்குத் தெரியாது. மின்சாரம் பாயும். விஷவாயு பட்டால் காட்டிக்கொடுக்கும். அதை வைத்து, சாக்கடைக் குழியில் இறங்குகிறவர்கள் சட்டையில் மாட்டிக்கொள்ள ஓர் அலாரம். பதினோரு ஆய்வுக்கூடங்கள், ஆறு கம்பெனிகள், ஐந்து வருஷம். கடைசியில் ஃபரீதாபாத் ஃபேக்டரியில் ஓட்டி எடுத்து அனுப்பிய தாள் இது.

கமிட்டி தலையாட்டினால் பத்தாயிரம் அலாரம். ஆட்டாவிட்டால் திட்டம் மூடல், நாற்பத்திரண்டு ஒப்பந்த ஊழியர்கள் வீட்டுக்கு. அதில் ஜம்புவும் ஒருவர். ஐம்பத்தோரு வயது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

"துடைச்சிருங்க சார்" என்றாள் முத்தம்மா. "என் வீட்டுக்காரரு பெட்டியில எவ்ளோ சேறு படுது! துடைச்சுத் துடைச்சுத்தான் மாட்டிக்கிறாரு."

அவள் புருஷன் குழந்தைசாமி, கான்ட்ராக்டரிடம் தினக்கூலிக்குக் குழியில் இறங்குகிறவன். சோதனைக்காக ஃபேக்டரி செய்து கொடுத்த இருபது அலாரப் பெட்டிகளில் ஒன்றை ஜம்புதான் அவனுக்கு வாங்கிக் கொடுத்தார்.

"வேலை செய்யுதா அது?" ஜம்பு ஸ்பிரிட் பாட்டிலைத் தேடியபடி கேட்டார்.

"தங்கமான பெட்டி சார். நாலு மாசத்துல ஒரு வாட்டிகூடக் கத்தல. அவருதான் தலை சுத்துது, கண்ணு எரியுதும்பாரு. பெட்டியே சும்மா இருக்கு, உனக்கென்னய்யா நோவுன்னு நான்தான் தள்ளிவிடுவேன்."

ஜம்புவின் காதில் பாதிதான் விழுந்தது. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து அழுத்தித் துடைத்தார். நாணய அளவுச் சிவப்பு, அப்பள அளவு ரோஸ் ஆனது.

ஃபேக்டரி மேனேஜர் விஜயனுக்குப் போன் போட்டார்.

"ஸ்பிரிட்டா? போச்சு சார்! அணு கனம்தானே, பஞ்சோட வந்திருக்கும்."

"இன்னொரு தாள் அனுப்புங்களேன், ப்ளீஸ்."

"ஒண்ணே ஒண்ணுதான் சார் இருந்தது. பரவால்ல, ரெவ்யூல நீங்க துடைச்சதா சொல்லிடுங்க, என்ன?"

அந்தக் குரலில் வருத்தத்தைவிட நிம்மதி அதிகமாக இருந்தது. ஜம்புவுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை.

மின்சாரம் பாய்கிறதா என்று மீட்டரைத் தாளில் வைத்தார். முள் அசையவில்லை. பஞ்சில் வைத்தார். அங்கேயும் அசையவில்லை. ஐந்து வருஷ உழைப்பைக் குப்பைக்கூடையில் போட மனசு வராமல் பஞ்சைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் பொறி தட்டியது. கண்ணுக்கே தெரியாத பொருள். இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

"முத்தம்மா, கரோல் பாக் மெட்ரோ பக்கத்துல லேமினேஷன் கடை இருக்கே, இதைக் காட்டி இதே அளவுல வெறும் பிளாஸ்டிக் வெட்டிட்டு வா. இந்த ஒரு மூலை மட்டும் சாய்வா வெட்டியிருக்கு பார், அதே மாதிரி. ஆட்டோவுல போ. ஜல்தி!"

பத்தேகாலுக்கு வந்துவிட்டாள். ரோஸ் கறையைத் தவிர, பழைய தாளுக்கும் புதியதுக்கும் இம்மி வித்தியாசமில்லை. 'தொழில்காரன்!' என்று ஜம்பு மனசுக்குள் மெச்சினார்.

"சார், அந்தக் கடைக்காரரு ஒண்ணு சொன்னாரு..."

"அப்புறம் சொல்லு, அப்புறம்!"

மீட்டர். முள் செத்துக் கிடந்தது. இதைத் திட்டப் பொறுப்பாளர் டாக்டர் மதுமதி எல்லார் முன்னாலும் அளந்து காட்டப்போகிறார்.

ஜம்பு மேஜை டிராயரைத் திறந்தார். பென்சில். தாளின் சொரசொரப்பான பக்கத்தைத் திருப்பி, கன்னாபின்னாவென்று தேய்த்தார். கைக்குட்டையால் பரப்பினார். மறுபடி தேய்த்தார். தாள் மழைமேகம் போலாகிவிட்டது. மீட்டரை வைத்தார்.

முள் துள்ளியது.

"ஜம்பு சார், கமிட்டி லிஃப்ட்ல வந்துட்டிருக்கு." டாக்டர் மதுமதி எட்டிப்பார்த்தார். "கையெல்லாம் என்ன கறுப்பு?"

"மை, மேடம். ஆயுத பூஜை..."

கமிட்டித் தலைவர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஜம்பு கறுத்த கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஏன் சாம்பலா இருக்கு?"

"பெரிய அளவுல எடுக்கும்போது அப்படித்தான் சார்" என்று ஜம்புவின் வாய் தானாகச் சொன்னது.

மீட்டரை வைத்தார்கள்.

"வாஹ்!" என்றார் தலைவர். "ஃபேக்டரிக்குப் போனா ரீடிங் குறையும்னு பயந்தேன். முன்னாடி யார் யார் அளந்தீங்க?"

மதுமதி ஃபைலைப் பிரித்தார். பதினோரு கையெழுத்துகள். முதல் கூடம் அளந்திருக்கும் என்று இரண்டாவது போட்டது, இரண்டாவதை நம்பி மூன்றாவது போட்டது. பதினோராவது ஜம்புவின் ஆபீஸ்.

"வாயு சோதனை?"

"நாலு மாசமா நேரடியா குழியிலேயே நடக்குது சார். இருபது பெட்டி. ஒரு பொய் அலாரம்கூட இல்ல."

"ஒண்ணுகூட இல்லையா? பஹுத் அச்சா!" தலைவர் கையெழுத்துப் போட்டார்.

லட்டு வந்தது. மற்ற நாற்பத்தோரு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஜம்பு மட்டும் வராந்தாவில் ஒதுங்கி, பையிலிருந்த பஞ்சைத் தொட்டபடி தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டிருந்தார். கெட்டது ஒரே ஒரு தாள். அந்த இருபது பெட்டியில் இருப்பது அசல். இனி ஃபேக்டரியிலிருந்து வரப்போகிற பத்தாயிரமும் அசல். யாருக்கு என்ன கெடுதல்?

முத்தம்மா தன் லட்டைத் தின்னாமல் முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள்.

"சாப்பிடேன்."

"அவருக்கு சார். இன்னிக்குப் பெரிய குழி. இந்நேரம் இறங்கியிருப்பாரு."

"பெட்டி மாட்டியிருக்கான்ல?"

"அது இல்லாம விடுவேனா?"

ஜம்பு நிம்மதியாக லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். "ஆமா, கடைக்காரன் ஏதோ சொன்னான்னியே, என்னது?"

"அதுவா சார்? இந்த மூலை வெட்டைப் பார்த்ததுமே சிரிச்சாரு. 'ஃபரீதாபாத் ஃபேக்டரிக்கு மாசாமாசம் நான்தானே இதை வெட்டி அனுப்பறேன், நீங்க எதுக்குத் தனியா அலையறீங்க'ன்னாரு."